இறங்குவது யார்?

தமிழ் வினைமுற்று தன் எழுவாயை விகுதியிலேயே காட்டிவிடும். நான் வந்தேன், நீ வந்தாய், அவள் வந்தாள் என்பவற்றில் எழுவாயை நீக்கினாலும் வந்தவர் தன்மையா, முன்னிலையா, படர்க்கையா என்ற ‘இடம்’ தெரியும். திணை இரண்டு, பால் ஐந்து, அவற்றைக் காட்டும் எழுத்து வினையின் ஈற்றில் நிற்கும் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இதை வகுத்துவைத்தது. எழுவாய் ஓரிடமும் வினை வேறிடமுமாக நின்றால் அது இடவழு.

சென்னை–அரக்கோணம் புறநகர் ரயிலில் சாதாரணமாக வரக்கூடிய ஒரு வாக்கியம் இந்த விதியோடு முரண்படுகிறது: “மாலா, தான் செவ்வாப்பேட்டையில இறங்குறேன்னு சொன்னா.” மரபிலக்கணப்படி ‘தான்’ படர்க்கைப் பெயர், ‘இறங்குறேன்’ தன்மை வினை. ஆனாலும் கேட்பவர் குழம்புவதில்லை. இறங்கப்போவது மாலாதான், இந்த வாக்கியத்தைச் சொல்பவர் அல்ல.

மாலாவின் பேச்சை அப்படியே மேற்கோளாகச் சொல்வதுதானே இது என்று தோன்றலாம். மேற்கோளானால் ‘நான்’ என்றுதான் இருக்கும். தன்னைத் ‘தான்’ என்று குறித்துப் பேசுபவர் எவருமில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. “மாலா, தான் உன்னை ஸ்டேஷன்ல பார்த்தேன்னு சொன்னா” என்பதில் ‘உன்னை’ குறிப்பது இப்போது எதிரே நின்று கேட்பவரை, மாலா யாரிடம் பேசினாளோ அவரை அல்ல. ஒரே உள்வாக்கியத்தில் ‘உன்னை’ இப்போதைய உரையாடலைச் சேர்ந்தது, ‘பார்த்தேன்’ மாலாவின் உரையாடலைச் சேர்ந்தது.

மெய்யியலாளர் டேவிட் காப்லான் 1977-இல் சுற்றுக்கு விட்டு 1989-இல் அச்சேற்றிய கட்டுரை ஒன்றில், ‘நான்’ போன்ற சொற்கள் எந்த வாக்கியத்துக்குள் புதைந்தாலும் உண்மையில் பேசுபவரையே குறிக்கும் என்று வாதிட்டார். ஆங்கிலத்தை வைத்துப் பார்த்தால் அது சரியாகவே பட்டது. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் அப்படியில்லை என்று பிலிப் ஷ்லெங்கர் 2003-இல் காட்டினார். அங்கே ‘நான் வீரன் என்று ஜான் சொல்கிறான்’ என்ற அமைப்பில், மேற்கோள் இல்லாமலே, ‘நான்’ ஜானைக் குறிக்கலாம்.

தமிழ் வேறு வழியில் போகிறது. இங்கே பெயர் இடம் மாறவில்லை, வினை விகுதி மட்டும் மாறுகிறது. இதை விரிவாக ஆராய்ந்தவர் சந்தியா சுந்தரேசன். அவர் பார்வையில், மரபு சொல்வதற்கு மாறாக, ‘தான்’ என்ற சொல்லுக்குச் சொந்தமாக இடம் எதுவும் இல்லை. எனவே அது வினையின் விகுதியைத் தீர்மானிக்க முடியாது. உள்வாக்கியத்தின் விளிம்பில், ஒலி வடிவம் இல்லாமல், யாருடைய நோக்கில் செய்தி சொல்லப்படுகிறதோ அவரைக் குறிக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. விகுதி அதனோடுதான் இயைகிறது என்பது 2012-இல் தொடங்கி அவர் முன்வைக்கும் விளக்கத்தின் சாரம். கண்ணுக்குத் தெரியாத உறுப்பு என்றால் வசதிக்காகக் கற்பித்ததாகத் தோன்றும். ஆனால் ‘-ஏன்’ விகுதிக்கு உரியவர் வெளிப்படையாக எங்கும் இல்லாதபோது அதை விட எளிய வழி தென்படவில்லை.

‘தான்’ மற்ற இடங்களில் நடந்துகொள்ளும் விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. “முருகன் ரவியிடம் தன் சைக்கிளைக் கொடுத்தான்” என்றால் சைக்கிள் முருகனுடையது. ‘அவன் சைக்கிளை’ என்றால் ரவியுடையதாகவும் இருக்கலாம், மூன்றாம் ஆளுடையதாகவும் இருக்கலாம். “ரவி தன்னை ஏமாத்திட்டான்னு முருகன் சொன்னான்” என்பதில் ஏமாந்தவன் முருகன். தற்சுட்டுப் பெயருக்கு உரியவர் அதன் சொந்த வாக்கியத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று சோம்ஸ்கி 1981-இல் வகுத்த விதிக்குள் ‘தான்’ எளிதில் அடங்காது. அது அண்மையில் உள்ளவரை விட்டு, செய்தி யாருடைய பார்வையோ அவரைத் தேடிப் போகிறது.

எழுத்துத் தமிழில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் கண்ணில் படாது. ‘தான் நாளை வருவதாக அமைச்சர் கூறினார்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ‘வருவதாக’ என்ற வடிவத்தில் இடமும் இல்லை, பாலும் இல்லை. பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கியிருந்தால் மேற்கண்ட விவாதத்துக்கே சான்று கிடைத்திருக்காது.

இந்த அமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதல்ல. திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கில், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, திருத்தணிப் பக்கங்களில் தமிழோடு தெலுங்கும் புழங்குகிறது. தெலுங்கிலும் இதே அமைப்பு உண்டு: “ரவி தனு கெலிச்சானனி செப்பாடு.” தமிழ்க் காதுக்கு ‘கெலிச்சான்’ ஆண்பால் போல ஒலிக்கும், தெலுங்கில் ‘கெலிச்சானு’ என்பது ‘வென்றேன்’. மலையாளத்தில் ‘ஞான் வந்நு’, ‘அவள் வந்நு’ என எல்லா இடத்துக்கும் வினை ஒன்றே. அங்கே இந்த முரண் எழ வழியே இல்லை.