பவானி எங்கே காவிரியைத் தொடுகிறது?

பவானி கூடுதுறையில் நிற்பவருக்கு இந்தக் கேள்வி எழாது. சங்கமேசுவரர் கோயிலுக்கு ஒரு பக்கம் பவானி, மறுபக்கம் காவிரி. கோயிலைத் தாண்டியதும் இரண்டும் ஒரே ஆறு. அதே இடத்தை ஆற்று வரைபடத் தரவாகக் கணினியில் திறந்து, பெரிதாக்கிக்கொண்டே போனால், பவானிக் கோடு காவிரிக் கோட்டைத் தொடாமல் நிற்பதைப் பல சமயம் காணலாம். அந்தச் சிறு இடைவெளி போதும். கணினியைப் பொறுத்தவரை பவானி எங்கும் போய்ச் சேராத ஆறு.

காரணம் எளிது. காவிரி அங்கே அகலமானது. அகலமான ஆற்றை இரு கரைகளும் தெரிய ஒரு பரப்பாக வரைவார்கள். சிற்றாற்றை ஒற்றைக் கோடாக வரைவார்கள். துணையாற்றின் கோடு கரையோடு முடிந்துவிடும். பெரிய ஆற்றின் போக்கைக் காட்டும் நடுக்கோடோ கரையிலிருந்து தள்ளி, நீரின் மத்தியில் ஓடும். தாளில் பார்க்கும்போது அந்த மிச்சத் தூரத்தை நம் கண்ணே இட்டு நிரப்பிவிடுகிறது. கணினிக்கு ஆறு என்பது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கொண்ட புள்ளிகளின் வரிசை. ஒரு கோட்டின் கடைசிப் புள்ளியும் மற்றொரு கோட்டின் ஒரு புள்ளியும் எண் மாறாமல் ஒன்றாக இருந்தால்தான் அவை சேர்ந்தவை.

ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் மென்பொருளில் இதைச் சரிசெய்ய 'ஸ்னாப்' என்று ஒரு வசதி உண்டு. இத்தனை மீட்டருக்குள் இருக்கும் முனைகளை ஒட்டிவிடு என்று சொன்னால் ஒட்டிவிடும். எத்தனை மீட்டர் என்பதில்தான் சிக்கல். குறைவாகச் சொன்னால் பவானி ஒட்டாது. தாராளமாகச் சொன்னாலோ, காவிரிக்குப் பக்கத்திலேயே நெடுந்தூரம் ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் போய் ஆற்றோடு ஒட்டிக்கொள்ளும். எது சேரும், எது பக்கத்தில் ஓடினாலும் சேராது என்பதை ஒவ்வோர் இடமாகப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பவானியையே தலையிலிருந்து வால்வரை ஒரே ஆறாக்கிப் பார்ப்போம். நீலகிரியில் பிறக்கும் அது கேரளத்துக்குள் நுழைந்து, அட்டப்பாடியில் சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு, கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்கு வருகிறது. தமிழ்நாட்டுத் தரவை மட்டும் வைத்துக்கொண்டால் பவானி இரண்டு துண்டு, நடுவே ஒன்றுமில்லை. கேரளத் தரவையும் கொண்டுவந்து ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பது மட்டும் ஒரு நொடி வேலை. ஆனால் ஒரே கோப்பில் இருப்பதாலேயே இரண்டு கோடுகள் ஒரே ஆறாகிவிடா. எல்லையில் முனைகள் விலகி நிற்கும். பெயர் ஒரு பக்கம் மலையாள வழக்கிலும் மறுபக்கம் தமிழ் வழக்கிலும் இருக்கும். பெயர் ஒத்த கோடுகளையெல்லாம் ஒன்றாக்கு என்றால் மென்பொருள் அவற்றை இரண்டு ஆறுகளாகவே வைக்கும்.

பழைய சர்வே வரைபடத்தையும் புதிய செயற்கைக்கோள் தரவையும் சேர்க்கும்போது இன்னொரு விலகல் தெரியும். சென்னை பரங்கிமலைப் பக்கம் 1802-இல் வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த பெரும் நில அளவைக்கு, ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் கணித்த பூமியின் வடிவமே பின்னாளில் அடிப்படையானது. இன்றைய ஜி.பி.எஸ். வேறொரு வடிவத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாமல் எண்களை அப்படியே மேலே வைத்தால், நம் பகுதியில் ஆறு 100 மீட்டருக்கும் மேலாக நகர்ந்துவிடும். இரண்டு அளவைகளிலும் பிழையில்லை. பூமி சரியான உருண்டை இல்லை. அதன் வடிவத்துக்கு எந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

அடுத்த தடை பவானிசாகர். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஓடிவரும் மோயாறு, பவானியை இந்த நீர்த்தேக்கத்துக்குள்தான் சந்திக்கிறது. வரைபடத்தில் அங்கே ஆற்றுக்கோடு இல்லை, ஏரிப் பரப்பு மட்டுமே. இரண்டு ஆறுகளும் நீர் விளிம்போடு முடிந்துவிடும். அதனால் தேக்கத்தின் ஊடாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை அணைவரை கற்பனையாக இழுக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய நீர்வரைபடத் தரவில் இதற்கென்றே 'செயற்கைப் பாதை' என்ற தனி வகை இருக்கிறது.

கோடுகள் சேர்ந்த பிறகு திசை. புள்ளிகள் எந்த வரிசையில் வரையப்பட்டனவோ அதுதான் ஓட்டத்தின் திசை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஆற்றை மேலிருந்து கீழாகவே வரைய வேண்டும் என்பது விதி. ஒரே ஓர் ஓடை தலைகீழாக வரையப்பட்டிருந்தால், கணக்கில் தண்ணீர் மலையேறும்!

உலகம் முழுவதுக்கும் இப்படி இணைத்து முடித்த தரவு ஒன்று இருக்கிறது. பெயர் ஹைட்ரோரிவர்ஸ். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த நில உயரங்களே அதற்கு முக்கிய மூலம். நிலத்தைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தின் நீரும் சுற்றியுள்ள எட்டில் எதற்கு இறங்கும் என்று கணக்கிட்டு ஆறுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 85 லட்சம் ஆற்றுத் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். அதன் பக்கத்திலேயே, அடுத்து எந்தத் துண்டில் சேர்கிறது என்று இன்னோர் எண். அந்த இரண்டாவது எண் பூச்சியமாக இருந்தால், ஆறு கடலையோ, வெளியேற வழியில்லாத உள்நாட்டுப் பள்ளத்தையோ அடைந்துவிட்டது. அட்டப்பாடியில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு எண் எண்ணாகத் தாவினால் வங்கக் கடலில் போய் நிற்கலாம். இரண்டே எண்களுக்குள் இத்தனை பெரிய பயணம் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் போகலாம். இந்தப் புள்ளிக்கு எங்கிருந்தெல்லாம் நீர் வருகிறது என்று கேட்டால், மேலே உள்ள அத்தனை கிளைகளும் ஒளிரும். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையைத் தொட்டு மேல்நோக்கிக் கேட்டால், கோடு திருப்பூரின் ஊடாகப் போகும். அவ்வூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஏன் அந்த அணையில் வந்து தேங்கியது என்பதை விளக்க வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் இந்த அழகான ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒரு துண்டுக்கு அடுத்த துண்டு ஒன்றே ஒன்று. ஆறுகள் சேரலாம், பிரியக் கூடாது. நம் நிலம் இந்த நிபந்தனைக்கு உட்பட்டதில்லை. கூடுதுறைக்குச் சற்று முன்னால், பவானியின் குறுக்கே உள்ள காலிங்கராயன் அணைக்கட்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் பிரிந்து, வயல்களுக்குப் பாய்ந்து, நொய்யலில் போய் முடிகிறது. நொய்யல் காவிரியில் சேர்கிறது. ஆக, பவானி நீர் காவிரியை அடைய இரண்டு வழிகள். ஒற்றை எண்ணில் இதை எழுத முடியாது.

காவிரி டெல்டாவிலோ இந்த நிபந்தனை முற்றிலும் தலைகீழாகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்துகொண்டே போகிறது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத சமவெளி அது. விண்ணிலிருந்து அளந்த உயரத்தில் இருக்கும் பிழையே அதைவிடப் பெரிது. தென்னந்தோப்பின் உச்சியையும் ரேடார் மேடாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சரிவைவிடத் தலைமதகின் பலகைதான் தீர்மானிக்கிறது. ஒருவருக்கு வடிகாலாக இருப்பது கீழே இன்னொருவருக்குப் பாசன வாய்க்காலாகிறது. இதெல்லாம் மதகைத் திறந்து மூடும் லஸ்கருக்கும், வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுவிடும் ஊர் நீர்க்கட்டிக்கும் தெரியும். அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதி, ஒரு கோட்டுக்குப் பல அடுத்த கோடுகளை அனுமதிக்கும் அமைப்பில் ஏற்றினால்தான் டெல்டாவின் வரைபடம் உண்மையாகும். நம் நீர்வளத் தரவில் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதில் ஒரு பங்கு நம் கையிலும் இருக்கிறது. கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யாரும் திருத்தலாம். உங்கள் ஊர் வாய்க்கால் அதில் இருக்கிறதா, எந்தத் திசையில் ஓடுவதாகக் காட்டுகிறது, ஏரியைத் தொடுகிறதா என்று பாருங்கள். தவறாக இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு ஒருமுறை நடந்துவிட்டு வந்து திருத்துங்கள்.