ஒரே கிப்லா, வேறு வேறு வழக்கங்கள்

முஸ்லிம் நாட்டுக்குச் செல்லும் முஸ்லிம் அந்நாட்டு வழக்கங்களைத் தனியே கற்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. கிப்லா ஒன்று, தொழுகை ஒன்று. பின் அந்நியம் ஏது? இந்த நம்பிக்கையே பயணியைப் பலமுறை இடர்ப்படுத்துகிறது.

இப்னு பதூதாவின் அனுபவம் இங்கு நோக்கத்தக்கது. 1343இல் மாலத்தீவை அடைந்து காழியாகப் பொறுப்பேற்ற அவர், இடுப்புக்கு மேல் ஆடை அணியாத அந்நாட்டுப் பெண்களின் வழக்கத்தை மாற்ற முனைந்தார், இயலவில்லை. வழக்குக்காகத் தம்முன் வருவோரை மட்டுமே உடல் மறைத்து வரச்செய்ய முடிந்ததென அவரே பதிவு செய்துள்ளார். பின்னர் அமைச்சருடன் பிணங்கி, இலங்கை வழியாக மதுரை சுல்தானிடம் வந்து சேர்ந்தார். அதிகாரமுள்ள காழிக்கே இந்நிலை.

ஓசூர் சிப்காட் ஆலைகளில் தொழில் பழகி, பெங்களூரு விமான நிலையம் வழியாக வளைகுடா செல்லும் நம் இளைஞர்களிடம் அதிகாரம் ஏதுமில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் உருது பேசும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபீகள். நிழல் இருமடங்காகும்போது அஸர் என்று பழகியவர், அதே கணக்கில் ரியாதில் பள்ளிக்குச் சென்றால் ஜமாஅத் முடிந்திருக்கும். இது சிறு சங்கடமே. கையில் கட்டிய தாயத்து அப்படியன்று. சூனியம் குற்றமாகத் தண்டிக்கப்படும் சவூதியில் அது ஐயத்துக்குரிய பொருள்.

குருமாவுக்கென்று தாய் பொட்டலம் கட்டித்தரும் கசகசா இன்னும் ஆபத்தானது. அது அபினிச் செடியின் விதை. சவூதியிலும் அமீரகத்திலும் தடைசெய்யப்பட்டது. அதனைக் கொண்டுசென்று சிறைப்பட்ட இந்தியர் உண்டு. டிரமடால், கோடீன் கலந்த மருந்துகளையும் முன்னனுமதியோ மருத்துவர் சீட்டோ இன்றி எடுத்துச் செல்லலாகாது.

உடன் செல்லும் பிற சமயத்து நண்பர்கள், முஸ்லிம் என்பதால் நம்மவரையே வழிகாட்டியாகக் கொள்வர். ரமளானில் பகலில் பொதுவிடத்தில் உண்பதைக் குவைத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் யாவருக்கும் தடுக்கிறது; ஒரு மாதம்வரை சிறை உண்டு. இதைச் சொல்லாதிருப்பது நண்பருக்குச் செய்யும் தீங்கு. முன்பு சென்று வந்த பெரியவர்களின் அறிவுரையும் இன்று முற்றிலும் பொருந்தாது. சவூதி 2019இல் சுற்றுலா விசா வழங்கத் தொடங்கியபோது அயல்நாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை என்றது; கண்ணியமான உடை வேண்டுமென்ற பொது ஒழுக்க விதிகளையும் அதே ஆண்டில் வகுத்தது.

முஸ்லிமல்லாதோர் நாட்டில் 'அமான்' என்னும் பாதுகாப்பு வாக்குறுதியுடன் நுழையும் முஸ்லிம், அதன் நிபந்தனையை மீறலாகாது என்பது ஃபிக்ஹ் சட்டம். இக்கால அறிஞர் பலர் விசாவை அத்தகைய ஒப்பந்தமாகவே கொள்கின்றனர். பிறர் நாட்டில் கட்டாயமானது, முஸ்லிம் நாட்டில் மட்டும் தளருமா?

நல்லெண்ணமும் இங்கே விலக்குத் தராது. மஹல்லாப் பள்ளிவாசல் கட்டடத்துக்கென ரசீதுப் புத்தகத்தைப் பயணியின் பையில் வைத்தனுப்பும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு நன்கொடைச் சட்டப்படி தனிநபர் நிதி திரட்டுவது குற்றம். சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். பிடிபடுபவர் அந்த இளைஞரே. புத்தகத்தைக் கொடுத்தனுப்பிய ஜமாஅத் நிர்வாகிகள் ஊரில் இருப்பர்.