இரவல் மெட்டு, சொந்தப் பாட்டு

யாரோ பதிவுசெய்து வைத்த தாளத் துணுக்கைக் கணினியில் அடுக்கிப் பாட்டு கட்டுபவர்களை, சொந்தச் சரக்கு இல்லாதவர்கள் என்று ஒதுக்குவது எளிது. சாம்பிள், லூப் என்ற பெயர்களில் அந்தத் துணுக்குகள் விலைக்கே கிடைக்கின்றன; பிறகு அதில் இவர்களுடையது என்ன என்று கேட்கிறார்கள். இதற்கு வடசென்னையின் கானாவில் பதில் இருக்கிறது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட கானாவுக்குத் தமிழ், இந்தி சினிமா மெட்டுகள் தாராளமாகக் கைகொடுத்தன. மெட்டு இரவல்தான். ஆனால் இறந்தவரின் பெயரையும் பிழைப்பையும் வைத்து அங்கேயே கட்டிய வரிகளை அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாட முடியாது. பிறந்த இடத்திலிருந்து பெயர்த்தால் பொருள் இழக்கும் பாட்டுதான் சொந்தப் பாட்டு.

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பாடிய 2017ஆம் ஆண்டின் 'சென்னை பொறம்போக்கு பாடல்' இதற்குச் சான்று. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடிய அந்தப் பாட்டின் ராகங்கள் பல தலைமுறைகள் கைமாறி வந்தவை. அவற்றை எண்ணூருக்காகப் பேசவைத்தது அவர்கள் செய்தது. 2015இல் கொடைக்கானல் பாதரசக் கழிவைக் கண்டித்த சென்னையின் சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜின் 'அனகோண்டா' இசையின் மேல் தன் ராப் வரிகளை ஏற்றினார். அந்த 'அனகோண்டா'வே 1992இல் வந்த சர் மிக்ஸ்-எ-லாட் பாட்டிலிருந்து சாம்பிள் எடுத்தது.

இப்படிச் சொன்னால் திருட்டுக்கு வக்காலத்து ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது; படைப்பு வேறு, கடன் வேறு. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் வாசித்த ஆறேழு நொடி டிரம்ஸ் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமானது. அவரோ ராயல்டி எதுவும் பெறாமலே 2006இல் இறந்தார். அந்தப் பாட்டுகளில் புதுமை உண்டு, அநீதியும் உண்டு. நம் சட்டத்திலும் மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. பாட்டு காசு பார்க்கும்போது இரண்டுக்கும் அனுமதி பெற்று, பங்கும் தரவேண்டும். எல்லோரும் ஒரே லூப்பை வாங்கினால் எல்லாப் பாட்டும் ஒன்றுபோல ஒலிக்குமே என்ற கவலையும் நியாயமானது. அதற்கு மாற்று, சாம்பிளைத் தடுப்பதல்ல. நம் ஒலிகளையும் சாம்பிள் ஆக்குவது. ராயபுரத்து டோலக் கலைஞரின் வாசிப்பைக் கூலி கொடுத்து, பெயர் போட்டுப் பதிவுசெய்தால், இரவல் வாங்கும் ஊர் இரவல் கொடுக்கும் ஊராகவும் மாறும்.