மீனுக்கும் பேன் உண்டு!

பேன் என்பது நம்முடைய தலைக்கென்றே ஏற்பட்ட தொல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சமுத்திரத்தில் வாழும் ஸால்மன் மீனையும் அது விடுவதில்லை. சீப்பை எடுத்து வாரிக்கொள்ள மீனுக்குக் கையா இருக்கிறது, பாவம்!

உண்மையில் இது பேன் ஜாதியே அல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. பெண் பேன் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் பின்புறம் இரண்டு நூல்கள் தொங்கும். அவை முட்டைச் சரங்கள்; ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். பொரித்து வரும் குஞ்சு எதையும் தின்பதில்லை. தாய் கட்டிக் கொடுத்தனுப்பிய மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. அது தீருவதற்குள் ஒரு ஸால்மன் அகப்பட்டாக வேண்டும். அகப்பட்டதும் நெற்றியிலிருந்து மெல்லிய கயிறு ஒன்றை உண்டாக்கி, மீனின் தோலில் நங்கூரம் பாய்ச்சிவிடும். பிறகு சட்டை உரித்து உரித்து வளரும். வளர்ந்தபின் கயிற்றை விட்டு, மீனின் உடம்பெல்லாம் ஊர்ந்து, வழவழப்பையும் தோலையும் மேய்ந்து ரத்தமும் குடிக்கும்.

பரந்த கடலில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அங்கே ஸால்மன் அபூர்வம். பெரும்பாலான குஞ்சுகள் பட்டினியில் மாண்டுபோகும். முட்டையிட மீன் ஆற்றுக்குத் திரும்பினால், உப்பில்லாத ஜலத்தில் பேன்கள் சில நாளில் உதிர்ந்துவிடும். ஆற்றில் தூண்டில் போடும் ஐரோப்பியர்கள் மீனில் பேனைக் கண்டால் முகம் சுளிப்பதில்லை. 'ஆஹா, கடலிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது!' என்று சந்தோஷப்படுவார்கள்.

1970-ஐ ஒட்டி நார்வே தேசத்தில், மலைகளுக்கு நடுவே நீண்டு புகுந்திருக்கும் கடலில் வலைக் கூண்டு கட்டி ஸால்மன் வளர்க்க ஆரம்பித்தார்கள். இன்று ஒரே கூண்டில் 2,00,000 மீன்கள் வரை விடச் சட்டம் இடம் தருகிறது. தேடி அலைந்த பேனுக்கு, வருஷம் முழுவதும் வீட்டு வாசலிலேயே பந்தி!

மீன் ஒன்றுக்குச் சராசரியாக அரைப் பெண் பேனுக்கு மேல் கூடாது என்பது அங்கே விதி. அரைப் பேன் எப்படி என்று சிரிக்க வேண்டாம். பத்து மீனுக்கு ஐந்து என்று அர்த்தம். மேலே கணக்குப் போட்டால் சிரிப்பு வராது. சட்டத்தை மீறாமலே ஒரு கூண்டில் 1,00,000 பெண் பேன்கள் இருக்கலாம். ஒவ்வொன்றும் மறுபடி மறுபடி முட்டைச் சரம் விடும்.

வசந்த காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் வரம்பை 0.2 ஆகக் குறைக்கிறார்கள். அப்போதுதான் ஆற்றில் பிறந்த காட்டு ஸால்மன் குஞ்சுகள் முதன்முதலாகக் கடலுக்குப் புறப்படும். ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்தக் குஞ்சின்மேல் பத்துப் பதினைந்து பேன் ஏறினால் உயிருக்கே ஆபத்து. தோல் புண்ணானால் உடம்பிலுள்ள நீரைச் சுற்றிலுமிருக்கும் உப்பு ஜலம் இழுத்துக்கொள்ளும். கடலுக்குள் இருந்துகொண்டே உடல் வற்றிச் சாவது எவ்வளவு கொடுமை!

மருந்து இல்லையா? பலவிதம் போட்டுப் பார்த்தார்கள். தப்பிப் பிழைத்த பேன்களின் சந்ததிக்கு மருந்தே உறைக்கவில்லை. பேன் பொறுக்கித் தின்னும் சிறு மீன்களைக் கூண்டில் விட்டார்கள். அவற்றில் ஏராளமானவை அங்கேயே செத்தன. 30 டிகிரி சூட்டை ஒட்டிய வெந்நீரில் அரை நிமிஷம் முக்கினால் பேன் விழுகிறது. ஆனால் குளிர்ந்த கடலில் பழகிய ஸால்மன் அந்த நேரமெல்லாம் துடிக்கிறது. காமிராவால் பேனை அடையாளம் கண்டு, லேசர் கதிரால் சுடும் யந்திரமும் வந்திருக்கிறது.

எனக்கு அதிகப் புத்திசாலித்தனமாகப் படுவது வேறொன்று. பேன் குஞ்சுகள் பெரும்பாலும் கடலின் மேல்மட்டத்தில்தான் திரிகின்றன. ஆகவே கூண்டையே ஆழத்தில் இறக்கிவிடலாமே? அங்கும் ஒரு சங்கடம். ஸால்மன் தன் வயிற்றுக்குள்ளிருக்கும் காற்றுப்பையை நிரப்ப, அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். அதற்காக, நீருக்கடியிலேயே குடை கவிழ்த்தாற்போல் ஒரு கூடாரம் அமைத்துக் காற்றை அடைத்து வைக்கிறார்கள். மீன் அதற்குள் தலையை நீட்டி, ஒரு வாய்க் காற்று வாங்கிக்கொண்டு, மறுபடி கீழே இறங்கிவிடுகிறது.