புத்தகத்தின் பெயர் மறந்துபோச்சு: தேடுபொறி தோற்கும் இடத்தில் நூலகர் கேட்கும் கேள்விகள்



இந்த வார எபிசோடில் தேடுபொறி எப்படி வேலை செய்யுதுன்னு பேசினோம். எழுத்து வடிவக் கடிதத்தில் அதற்கு நேர் எதிரான விஷயம்: என்ன தேடுறோம்னே தெரியாதப்போ என்ன செய்வது? சின்ன வயசுல படிச்ச ஒரு புத்தகம். பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது. ஒரு படமோ, ஒரு காட்சியோ மட்டும் மனசுல நிற்கும். உலகம் முழுக்கக் குழந்தைகள் நூலகர்களிடம் வரும் கேள்விகளில் இது ஒரு தனி ரகம். "அட்டை நீலமா இருக்கும், உள்ளே ஒரு நாய் வரும்" என்று தொடங்கும்.

எனக்கு இந்தக் கேள்வி யாங்கோனிலேயே, என் பெரியப்பா மகளிடமிருந்து வந்தது. அக்காவுக்கு 49 வயது. "தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற, ஒரு புத்தகம் கண்டுபிடிச்சுக் குடு. அப்பா ராத்திரி ராத்திரி படிச்சுக் காட்டுவாரு. கதை ஒண்ணும் ஞாபகமில்ல. நல்ல கனமான தாள். படத்துல பசங்க எல்லாம் ரோமத் தொப்பி போட்டிருப்பாங்க. என் மகளுக்கு அதையே படிச்சுக் காட்டணும்" என்றார்.

இது பழைய நினைவுக்கான ஏக்கம் மட்டும் இல்லை. 1960களில் இங்கே தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபிறகு, தமிழ் படிப்பு கோயில் மண்டபத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் போய்விட்டது. அக்காவுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பாதான். அவர் இப்போது இல்லை. அந்த ஒரே புத்தகமும் ஏதோ ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுபோனது.

முதலில் நான் செய்த தப்புகள்

கணினி அறிவியல் படிச்சவன் என்ன செய்வான்? தேடுபெட்டியில் தட்டினேன். "ரோமத் தொப்பி சிறுவர் கதை தமிழ் பழைய புத்தகம்." குல்லா விற்கும் கடைகள்தான் வந்தன.

அடுத்து ஒரு சாட்பாட். அது தயங்கவே இல்லை. மூன்று தலைப்பு, மூன்று ஆசிரியர் பெயர், பதிப்பு ஆண்டோடு கொடுத்தது. ஒன்றுகூட எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. மொழி மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் இயந்திரங்கள். தமிழ்ச் சிறுவர் நூல்களைப் பற்றி அவை படித்திருப்பது கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதைவிட, புத்தகத் தலைப்பு மாதிரி ஒலிக்கும் ஒன்றைத் தருவது அவற்றுக்கு எளிது.

மூன்றாவதாக, வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியல்கள். இங்கே ஒரு குறிப்பு, உங்களுக்கும் உதவும். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஒலிபெயர்ப்பு முறையில் தமிழை ரோமன் எழுத்தில் எழுதுகின்றன. நாம் "சிறுவர்" என்பதை எஸ் போட்டுத் தட்டுவோம், அங்கே அது சி-யில் தொடங்கும். "குழந்தை"க்கு நாம் இசட்-எச் போடுவோம், அங்கே அடியில் கோடு போட்ட எல். புத்தகம் அலமாரியில் இருக்கும், நம்ம எழுத்துக்கூட்டலுக்கு மட்டும் பிடிபடாது.

ஸ்கேன் செய்த பழைய நூல்களில் வேற சிக்கல். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் ணா, றா, னா, லை, ளை உட்பட 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம். இப்போதைய எழுத்துகளை மட்டும் பழகிய எழுத்துணரி மென்பொருள் அங்கே தடுமாறும். எழுத்து சரியாகவே வந்தாலும், "கிணறு" என்று தேடினால் "கிணற்றுக்குள்" என்பது அகப்படாமல் போகலாம். நம்ம சொற்கள் வேற்றுமை உருபு ஏறும்போது உருவமே மாறுபவை.

யாங்கோன்காரர்களுக்கு இந்த வலி புதுசில்லை. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறும்வரை, பெரும்பாலான பர்மிய எழுத்து ஜாவ்ஜியில் இருந்தது. கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு இரண்டு வேறு சொல். தமிழிலும் பாமினி, டாப், டிஸ்கி என்று இதே கதை நடந்திருக்கிறது.

நினைவு எப்படி மாறுகிறது

மேலே சொன்னதெல்லாம் உழைத்தால் சரிசெய்யக்கூடிய சிக்கல்கள். பெரிய சிக்கல் நம்ம தலைக்குள்ளே இருக்கு.

பிரிட்டிஷ் உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்து வாசகர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்ல வைத்தார். நாள் ஆக ஆக, அவர்களுக்குப் பழக்கமில்லாத விவரங்கள் காணாமல் போயின. மற்றவை பழக்கமானவையாக மாறின. மரத்தில் குடைந்த ஓடம் சாதாரணப் படகானது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நினைவு என்பது நாமாகத் திரும்பக் கட்டுவது, கையில் இருக்கும் செங்கல்லை வைத்துத்தான் கட்டுவோம்.

அதனால்தான் இந்த வகைத் தேடல் தகவல் மீட்பு ஆய்வாளர்களுக்கே தனிச் சவால். தேடல் நுட்பங்களைச் சோதிக்கும் டிரெக் மாநாட்டில் 2023-ல் இதற்கென்று, "நுனி நாக்கில் நிற்கிறது, வரமாட்டேங்குது" என்ற பொருளில், தனிப் பிரிவே தொடங்கினார்கள். கேட்பவரின் வரிகள் நீளமாக இருக்கும், "அப்படித்தான்னு நினைக்கிறேன்" என்ற இழுப்பு இருக்கும், சில விவரங்கள் தவறாகவே இருக்கும். சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும் இயந்திரம் அந்தத் தவறான விவரத்தையும் உண்மையாக எடுத்துக்கொண்டு வழிதவறிப் போகும்.

நூலகர் கேட்ட கேள்விகள்

கடைசியில் சென்னையில் ஒரு குழந்தைகள் நூலகத்தில் வேலை பார்க்கும் தோழியிடம் போனேன். அவங்க அக்காவிடமே வீடியோ காலில் பேசினாங்க. இரண்டு தடவை கரண்ட் போய், மூன்றாவது முயற்சியில்தான் முழுசாகப் பேச முடிந்தது. நூலகத் துறையில் இதற்கு உசாத்துணை உரையாடல் என்று பெயர். வாசகர் முதலில் கேட்பது அவருடைய உண்மையான கேள்வி இல்லை, அதைப் பேசித்தான் வெளியே எடுக்கணும் என்பது அடிப்படை. அவங்க போன வரிசை இது:

1. எந்த வயசு, எந்த இடம், யார் படிச்சாங்க? இதில் ஆண்டு கிடைக்கும். ஆண்டு கிடைத்தால் ஆயிரம் புத்தகம் நூறாகும்.

2. புத்தகம் கைக்கு எப்படி வந்தது? வாங்கியதா, பரிசா, இரவலா? பதிப்பகத்தைப் பற்றிய துப்பு இங்கேதான் கிடைக்கும். அக்கா சொன்னார்: "கப்பல்ல வேலை பாத்த மாமா ஒருத்தர் மெட்ராஸ்லேர்ந்து கொண்டாந்தாரு."

3. கனம், தாள், பக்க அளவு, படங்கள். அட்டையின் நிறத்தைக் கடைசியில்தான் கேட்டாங்க. நிறத்தைத்தான் எல்லாரும் உறுதியாகச் சொல்வார்களாம், அதுதான் அதிகம் தப்பாகுமாம்.

4. எது நிச்சயம், எது ஊகம்? இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொண்டாங்க.

5. அந்த ராத்திரிகளில் வேற என்ன நடக்கும்? அப்பா வேற என்ன சொல்வார்?

முக்கியமான ஒன்று: "ரஷ்யப் புத்தகமா?" என்று அவங்க கேட்கவே இல்லை. நாம் ஒரு பதிலை எடுத்துக் கொடுத்தால், கேட்பவரின் நினைவு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எது அவருடையது, எது நம்முடையது என்று பிரிக்க முடியாது.

கதவைத் திறந்தது ஐந்தாவது கேள்விதான். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "புத்தகம் முடிஞ்சதும் அப்பா தன்னோட சின்ன வயசுக் கதை சொல்லுவாரு. புதுப் பந்து ஒண்ணு கிடைச்சுதாம், அதை ஓடுற மாஸ்டா டாக்ஸிக்கு அடியில வீசிட்டாராம், டப்புன்னு வெடிச்சிருச்சாம். இன்னொரு நாள் வைத்தியம் பாக்க வந்த டாக்டர் கையைக் கடிச்சு வச்சாராம்."

தோழி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று உறைத்தது. யாங்கோன் தெருக்களில் ஓடிய அந்தக் குட்டி நீல மாஸ்டா 1960களின் வண்டி. பெரியப்பா சிறுவனாக இருந்தது 1940களில். அவர் பந்து வீச அந்த டாக்ஸி இந்த ஊரில் இருந்திருக்கவே முடியாது.

அழைப்பு முடிந்ததும் தோழி எனக்கு ஒரே ஒரு தலைப்பு அனுப்பினாங்க: "அப்பா சிறுவனாக இருந்தபோது." எழுதியவர் அலெக்சாந்தர் ரஸ்கின். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த தன் மகளைத் தேற்ற, தன் சின்ன வயசுச் சேட்டைகளைச் சொல்லி, அதையே புத்தகமாக்கிய ரஷ்ய எழுத்தாளர். பந்தைக் காருக்கு அடியில் வீசும் கதை அதில் இருக்கிறது. பேராசிரியரைக் கடிக்கும் கதையும் இருக்கிறது. சோவியத் காலத்தில் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சென்னையில் மலிவு விலைக்கு விற்ற நூற்றுக்கணக்கான தலைப்புகளில் ஒன்று. கனமான தாளும் ரோமத் தொப்பியும் அப்படி வந்தவை.

அக்கா தேடிய புத்தகமும், அப்பாவின் சொந்தக் கதை என்று அவர் நம்பியதும் ஒன்றுதான்.

சொல்வதா வேண்டாமா

ஸ்கேன் பிரதி இணையத்தில் கிடைத்தது. சென்னையில் மறுபதிப்பும் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு நாள் நான் அனுப்பவில்லை. அக்காவிடம் புத்தகத்தைக் கொடுத்தால், அவருடைய அப்பாவின் குழந்தைப் பருவத்தை எடுத்துக்கொண்ட மாதிரி ஆகுமோ என்று ஒரு தயக்கம். தோழியிடம் கேட்டேன். "கேட்ட புத்தகத்தைக் குடுக்கிறது நம்ம வேலை. அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. மறைக்கிறதுக்கு நமக்கு உரிமை இல்ல" என்றாங்க.

அனுப்பினேன். அன்றிரவு அக்கா கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "அப்பா பொய் சொல்லலடா. 42-ல அவரு அப்பா நடந்தே இந்தியாவுக்குப் போறேன்னு கிளம்பினவரு, என்ன ஆனாருன்னே தெரியாது. அப்பாவுக்கு அப்போ நாலு வயசு. எனக்குச் சொல்றதுக்கு அவருகிட்ட சின்ன வயசுக் கதையே இல்ல. அதான் இதை எடுத்துக்கிட்டாரு."

1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டபிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்த நாட்டைவிட்டுக் கிளம்பினார்கள். பெரும்பாலோர் மலையும் காடும் தாண்டி நடந்தே போனவர்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இது எனக்குப் பாடமாகத் தெரியும். எங்கள் வீட்டில் அது ஒரு ரஷ்யப் பையனின் பந்தாக மாறி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்களுக்கு

உங்க வீட்டிலும் இப்படி ஒரு பெயரில்லாப் புத்தகம் இருக்கும். தேட வேண்டிய இடங்கள்: சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் (கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை வைத்து 1994-ல் தொடங்கியது), தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கை நூல்களுக்கு 2005-லிருந்து இயங்கும் நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்கைவ். முடிந்தால் ஒரு குழந்தைகள் நூலகரிடம் நேராகக் கேளுங்கள். நூற்றுக்கணக்கான புத்தகங்களைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டிய ஒரு தலைக்கு ஈடான தரவுத்தளம் தமிழில் இன்னும் இல்லை.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. மேலே இருக்கும் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டு, இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்காருங்கள். போனில் பதிவு செய்யுங்கள், பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு புத்தகம் கரையான் தின்றாலும் எங்கேயோ இன்னொரு பிரதி இருக்கக்கூடும். அதைக் கேட்டு வளர்ந்தவர் போய்விட்டால், அப்படி ஒரு புத்தகத்தைத் தேடணும் என்பதே யாருக்கும் தெரியாது.

அக்கா இப்போது மகளுக்கு ராத்திரி ஒரு கதை படித்துக் காட்டுகிறார். பந்துக் கதை வரும்போது மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு, மாஸ்டா டாக்ஸி வைத்தே சொல்கிறாராம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்கள் பெயர் மறந்த புத்தகத்தைப் பற்றி இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். அட்டை நிறத்தைக் கடைசியில் சொன்னால் போதும்.