மலை ஏறும் மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஆயில் நல்லது?

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால், கல்வராயன் மலைப் பாதை வரும். வெள்ளிமலைக்கு வளைந்து வளைந்து ஏறவேண்டும்.

ஒரு மோட்டார் சைக்கிள் அந்தப் பாதையில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் ஓட்டுகிறார். பின்னால் மனைவி. நடுவில் குழந்தை. திடீர் என்று என்ஜின் "விர்" என்று சத்தம் போடுகிறது. ஆனால் வண்டி நகரவில்லை! பின்னால் உருளப் பார்க்கிறது.

பெட்ரோல் இருக்கிறது. டயரில் காற்றும் இருக்கிறது. பிறகு என்ன காரணம்? தவறான ஆயில் ஊற்றியதுகூடக் காரணமாக இருக்கலாம்!

ரத்தம் போன்றது

மனிதனுக்கு ரத்தம் எப்படியோ, என்ஜினுக்கு ஆயில் அப்படி. இரும்பும் இரும்பும் உராயாமல் அது காக்கிறது. சூட்டை வாங்கிக்கொள்கிறது. கரியையும் தூளையும் சுமந்து வருகிறது. ஆகவே, ஆயில் கொஞ்சம் கறுத்துவிட்டதே என்று பயப்படாதீர்கள். அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மலை ஏறும்போது வண்டி மெதுவாகப் போகும். என்ஜின் மீது காற்று குறைவாகப் படும். சூடு ஏறும். அப்பொழுதுதான் ஆயிலின் தரம் தெரியும்!

எண்களின் ரகசியம்

ஆயில் டப்பாவைப் பாருங்கள். "10டபிள்யூ-30", "20டபிள்யூ-50" என்று போட்டிருக்கும். அது விலை அல்ல; அளவும் அல்ல!

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து போகிறது அல்லவா? என்ஜின் ஆயிலும் குளிரில் கெட்டியாகும், சூட்டில் இளகும். "டபிள்யூ" என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரிலும் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டும்.

"கெட்டி ஆயில்தான் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு அளவு உண்டு. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அது இருக்கும். புத்தகம் சொல்வதுதான் சட்டம்!

கார் ஆயில் வேண்டாம்

காரில் என்ஜினுக்கு ஒரு ஆயில். கியருக்கு வேறு ஆயில். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜின், கியர், கிளச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். சில கார் ஆயில்களில் வழுவழுப்பு கூடுவதற்கு மருந்து சேர்த்திருப்பார்கள். அதை ஊற்றினால் கிளச் வழுக்கும். என்ஜின் கத்தும், சக்கரம் இழுக்காது. மலை வளைவில் இது ஆபத்து!

"ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ." என்று டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஜப்பான் நாட்டுத் தர முத்திரை. கிளச் வழுக்காது என்பதற்கு அடையாளம். "எம்.பி." என்று இருந்தால், அது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது.

பழைய டி.வி.எஸ். 50 போன்ற வண்டிகளின் கதை வேறு. அவற்றில் "2டி" ஆயிலைப் பெட்ரோலோடு கலக்க வேண்டும். அந்த ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஊற்றக் கூடாது.

வாரம் ஒரு முறை

100 சி.சி. வண்டியில் இருக்கும் ஆயில் மொத்தமே சுமார் 1 லிட்டர்தான். அதில் ஒரு டம்ளர் குறைந்தாலும் என்ஜினுக்குக் கேடு. ஆகவே வாரம் ஒரு முறை அளவு பாருங்கள். சமதரையில் வண்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, சில நிமிடம் பொறுங்கள். பிறகு அளவு குச்சியைப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். குறைந்தாலும் தீமை, கூடினாலும் தீமை.

புத்தகத்தில் சொன்ன கிலோ மீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றிவிடுங்கள். அடிக்கடி பாரம் ஏற்றி மலை ஏறும் வண்டியா? கொஞ்சம் முன்னதாகவே மாற்றுவது நல்லது. சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ஆயிலை ஓடையில் கொட்டாதீர்கள். கல்வராயன் மலைத் தண்ணீர்தான் கோமுகி ஆறாகக் கீழே இறங்கி வயலுக்குப் பாய்கிறது. டப்பாவில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆயிலுக்குச் சில நூறு ரூபாய் செலவு. என்ஜின் பிடித்துக்கொண்டால் பல ஆயிரம் ரூபாய் செலவு. பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கோ விலையே கிடையாது!