பிரிந்து வாழும் பெற்றோரும் குழந்தையின் மருத்துவ ஆவணங்களும்

கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் தொடங்கிய பின்னர் குழந்தையின் மருத்துவ ஆவணங்களை யாருக்குத் தருவது என்பது எங்கள் குழந்தை நரம்பியல் பிரிவில் அடிக்கடி எழும் சிக்கல். பெரும்பாலும் அது கேள்வியாக வருவதில்லை. "அவர் வந்து கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்" என்ற வேண்டுகோளாகவோ, "பெற்ற தகப்பன் எனக்கே தரமாட்டீர்களா" என்ற கோபமாகவோ வருகிறது. இரு தரப்பினருக்கும் நாங்கள் கூறும் விடையை இங்கே எழுதுகிறோம்.

வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்ளும் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வார நாட்களில் தாயிடமும், நீதிமன்றம் அனுமதித்த சனி, ஞாயிறுகளில் தந்தையிடமும் அது இருக்கிறது. மருந்தின் அளவு குழந்தையின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுவது. எடை கூடும்போது அளவும் மாற்றப்படும். பழைய சீட்டைப் பார்த்துத் தந்தை மருந்து கொடுத்தால் போதிய அளவு உடலில் சேராது. ஞாயிறு இரவு வலிப்பு கண்டு, அருகிலுள்ள மருத்துவரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவர் பார்ப்பதற்கு ஒரு தாளும் இருக்காது. கார்பமசெபின் என்னும் மருந்து சில வகை வலிப்புகளுக்கு நல்ல மருந்து. கண நேரம் நினைவு தப்பி விழித்தபடியே நிற்கும் வகைக்கோ அது நோயை மிகுவிக்கக்கூடும். எந்த வகை என்பதைக் காட்டும் இ.இ.ஜி. அறிக்கை தாய் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வலிப்பு ஐந்து நிமிடங்களைக் கடந்தால் மூக்கில் செலுத்த நாங்கள் எழுதித்தந்த மிடசோலம் மருந்தும் அங்கேயே இருக்கிறது. ஆவணத்தை மறைப்பதால் துன்புறுவது மற்றவர் அல்லர் என்று நாங்கள் மீண்டும் மீண்டும் சொல்வது இதனால்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, குழந்தை யாருடன் வசிப்பது என்பதும், யார் அதன் காப்பாளர் என்பதும் வெவ்வேறு செய்திகள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையையும், "அவருக்குப் பின்" தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. தந்தை இறந்த பின்னரே தாய் காப்பாளர் ஆவார் என்று நெடுங்காலம் பொருள்கொள்ளப்பட்ட அச்சொல்லுக்கு, தந்தை பொறுப்பில் இல்லாத சூழல்களும் அதில் அடங்கும் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கம் அளித்தது. ஆகவே தனித்து வாழும் தாய் கையொப்பமிட்டால் சிகிச்சையைத் தொடங்குகிறோம். "அப்பாவை அழைத்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவதில்லை. பிற சமயத்தவருக்கு அவரவர் தனிச்சட்டமும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் பொருந்தும். குழந்தை தாயிடம் இருக்கட்டும் என்னும் உத்தரவு ஒன்றை மட்டும் கொண்டு, தந்தைக்குக் குழந்தையின் உடல்நிலையை அறியும் தகுதி போய்விட்டதாக நாங்கள் கருதுவதில்லை. தந்தையிடம் வளரும் குழந்தையின் தாய்க்கும் இதுவே பொருந்தும். கட்டணம் செலுத்தியவர் என்பதற்காக ஆவணம் ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிடாது.

மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ ஆவணம் கோரினால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும். உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. அதற்கு மேற்பட்ட காலத்துக்கு மருத்துவமனையை நம்பியிராமல் நீங்களே பத்திரப்படுத்துவது நல்லது. (சில பாட்டிமார் மஞ்சள் பையில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கும் தாள்கள் எங்கள் பதிவறையைவிட ஒழுங்காக இருப்பதுண்டு.)

எனினும் கேட்டவருக்கெல்லாம் கேட்டதனைத்தையும் தந்துவிடுவதில்லை. ஒருவரது அணுகலை நீதிமன்றம் தடுத்திருந்தால் அவ்வுத்தரவின் நகலை எங்களிடம் கொடுங்கள்; கோப்பின் முகப்பிலேயே அதனைக் குறித்துவைப்போம். வாய்மொழியாகச் சொல்வது மட்டும் போதாது. ஆனால் அச்சுறுத்தலுக்கு ஆளாகி வீட்டைவிட்டு வெளியேறிய தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உத்தரவு கைக்கு வரும்வரை காத்திராமல் எங்களிடம் தெரிவியுங்கள். உங்கள் புதிய முகவரியும் தொலைபேசி எண்ணும் அடுத்த பரிசோதனைக்கு வரும் நாளும் நகலில் இடம்பெறாதவாறு நீக்கித் தருவோம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடவும், தந்தையின் சந்திப்பு தீங்கு தரும் எனக் கண்டால் அதனை மறுக்கவும் நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு.

பச்சிளங்குழந்தையின் கோப்பில் தாயின் முந்தைய கருவுறுதல்கள், கருச்சிதைவு, இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியனவும் எழுதப்பட்டிருக்கும். அவை தாயின் சொந்தச் செய்திகள். அவர் இசைவின்றிக் கணவருக்கும் தருவதில்லை. வளரிளம் பருவத்தினர் உளவியல் ஆலோசகரிடம் தனித்துப் பேசியவற்றையும், அவர்களது மனநிலையைக் கருதி, இரு பெற்றோருக்குமே சுருக்கமாகத்தான் தெரிவிக்கிறோம்.

"இவரிடம் இருந்தால்தான் குழந்தைக்கு வலிப்பு வருகிறது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்போர் உண்டு. மருந்து தவறியது, உறக்கம் குறைந்தது, காய்ச்சல் கண்டது என நாங்கள் கண்டதை எழுதுவோம். யாரால் என்று தீர்ப்பு எழுதுவது எங்கள் வேலை அன்று. நீதிமன்றம் கோரினால் கோப்பை உள்ளபடியே அனுப்புவோம்.

குழந்தை வீடு திரும்பும் நாளிலேயே டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு படிகளாகக் கேட்டு வாங்குங்கள். நேரில் பேசிக்கொள்ள இயலாத பெற்றோர், ஒரு சிறு நோட்டைக் குழந்தையின் பையில் வைத்து, கொடுத்த மருந்தையும் நேரத்தையும் அதில் குறித்து அனுப்பலாம். பின்னர் நகல் தேவைப்படுவோர் குழந்தையின் பதிவு எண், பிறப்புச் சான்றிதழ், தங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களுடன் மருத்துவப் பதிவுப் பிரிவில் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். தாத்தாவோ மாமாவோ வருவதானால், தாய் அல்லது தந்தை கையொப்பமிட்ட கடிதமும் தேவை.